அத்தைக்குத் தடுக்கிய கல்

எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததும் முதலில் விசாரிக்கப்படுவது மாடுகளின் சுகம்தான். அப்பா இரண்டு பந்தய மாடுகள் வைத்திருந்தார். அவை உழவுக்குப் போவதில்லை, பாரம் இழுப்பதில்லை. கோவில் கொடைத் திருவிழாக்களை ஒட்டி எங்காவது மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும், அதில் ஓடுவதற்கென்றே வளர்ந்தன. அவற்றுக்குப் பருத்திக்கொட்டையும் உளுந்தும் பேரீச்சம்பழமும், எங்களுக்குக் கம்பங்கஞ்சியும் துவையலும். தானும் நாலு காலோடு பிறந்திருந்தால் இந்த வீட்டில் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அப்பா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே மாட்டின் முதுகைத் தடவுவார்.

பந்தய நாளில் அப்பாவைப் பார்க்க வேண்டும். லாரியிலிருந்து மாடுகளை இறக்கியதும் வண்டியில் பூட்ட மாட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடத்துவார். பிறகு கொஞ்சம் எட்டிப் போடவிடுவார். பின்னந்தொடையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். தோலுக்கடியில் சூடு ஏறியது கைக்குத் தெரிந்த பிறகுதான் நுகத்தடியைத் தொடுவார். பந்தயம் தொடங்கும் நேரத்துக்கு வந்து இறங்கி, இறங்கிய கையோடு பூட்டுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர்களெல்லாம் மாட்டுக்காரர்கள் இல்லை, கசாப்புக்காரர்கள் என்பார்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. பெற்றவர்கள் இருவரும் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளைத் தூக்கி வளர்த்தார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். அதன் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரையும் போல அவளும் ஆபீசுக்குப் போனாள். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். காலையில் வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும். போய்க் காலை மடக்கி உட்கார்ந்தால் தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கி அடுக்கிச் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள். வேனிலிருந்து இறங்கும்போது கொஞ்ச நேரம் எல்லாப் பெண்களும் கிழவிகளைப் போல நடப்பார்கள். வீடு வந்து சேர்வதற்குள் மறுபடியும் இளம்பெண்கள் ஆகிவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், பெண் போலீஸ் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு அத்தை மனுப் போட்டாள். எழுத்துத் தேர்வில் தேறியும் விட்டாள். இனி ஓட வேண்டும், தாண்ட வேண்டும், பந்து எறிய வேண்டும். அவளுக்கு வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை விட்டால் இனி மனுவே போட முடியாது. அந்தச் சமயத்தில்தான் புதியம்புத்தூரிலிருந்து ஒரு வரனும் வந்தது. ரெடிமேட் துணி தைத்துக் கொடுக்கிறவர். மனைவி இறந்துபோய், இரண்டு பிள்ளைகள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே முடித்துவிடச் சொன்னார்கள். பொம்பளைப் பிள்ளை தொப்பியும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு திருவிழாவில் கூட்டத்தை விரட்டவா என்று சிரித்தார்கள். அப்பா ஒருவர்தான் பிடிவாதமாக இருந்தார். தன் தங்கை முதலில் காக்கிச்சட்டை போடட்டும், பிறகு வருகிற மாப்பிள்ளை சல்யூட் அடித்துக்கொண்டு வரட்டும் என்று சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டார். அன்று அத்தை அடுப்படிக்குள் போய் அழுதாள். சந்தோஷத்திலும் அழுவார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஓடிப் பழக ஊருக்கு மேற்கே ஓடைக்கரை வண்டிப்பாதையைத் தேர்ந்துகொண்டாள். துணைக்கு நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. முதல் நாள் அத்தை ஒரே மூச்சில் பாலம் வரைக்கும் ஓடித் திரும்பினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. தொடையில் கைபட்டாலே உயிர் போனது. பள்ளிக்கூடத்தில் தரையில் உட்காரச் சொன்னபோது நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பாதியில் நின்றதைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அத்தை பாவம், ஆபீசில் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்ட பிறகுதான் எழுந்தாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த டிரில் டீச்சர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற உடம்பு இறுகிப்போய்க் கிடக்கும், அதை எழுப்பாமல் ஓடச் சொன்னால் கோபித்துக்கொள்ளத்தான் செய்யும் என்றாராம் டீச்சர். முதலில் நடக்க வேண்டும். பிறகு மெல்லோட்டம். காலை முன்னும் பின்னும் வீசி, முட்டியை நெஞ்சுக்குத் தூக்கி, சதைகளைத் தளர்த்திவிட வேண்டும். நெற்றியில் வேர்வை துளிர்த்த பிறகுதான் வேகமாக ஓட வேண்டும். இதையெல்லாம் செய்த பிறகு வலி ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் படியிறங்க முடிந்தது. அத்தையின் ஓட்டத்திலும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. முன்பு தரையை மிதித்து மிதித்து ஓடியவள் பிறகு தரையைத் தள்ளிவிட்டுக்கொண்டு ஓடினாள்.

ஒருநாள் அப்பா தோட்டத்துக்குப் போகும் வழியில் எங்களைப் பார்த்தார். அத்தை ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு காலை வீசிக்கொண்டிருந்தாள். பாதையில் இரண்டு மூன்று ஆம்பளைகள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

“ஓடு தாயி, யாரு கேக்கா. இந்தக் காலத் தூக்கி ஆட்டுத வேலை மட்டும் நாலு பேரு பாக்குற எடத்துல வேண்டாம்.”

அத்தை சரி என்று தலையாட்டினாள். மறுநாளிலிருந்து அந்த வேலையெல்லாம் வேலிக்கருவை மறைவில் நடந்தது. யாராவது வந்தால் குரல் கொடுக்க நான் காவல் நின்றேன். போலீஸ் ஆவதற்கு முன்பே அத்தை என்னைப் போலீஸ் ஆக்கிவிட்டாள். எனக்கு அதில் பெருமைதான்.

உடல்தகுதித் தேர்வு தை மாதத்தில் தூத்துக்குடியில் நடந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் போனோம். நான் போக வேண்டிய அவசியமே இல்லை. அத்தைதான் நான் இல்லாவிட்டால் ஓட வராது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். மைதானத்து வாசலில் ஏற்கனவே பெரிய கூட்டம். எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள், கூட வந்த அப்பாக்கள், அண்ணன்கள். எதிரே டீக்கடையில் வேடிக்கை பார்க்கிற கூட்டம் தனி. காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை ஒரு வேப்பமரத்தடியில் விரித்து அத்தையை உட்கார வைத்தார். அம்மா கொடுத்துவிட்ட போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவர் மாடுகளைத் தவிர வேறு யாருக்கும் இப்படிப் பணிவிடை செய்து நான் பார்த்ததில்லை.

வெகுநேரம் உள்ளே கூப்பிடவில்லை. காத்திருந்த பெண்களில் சிலர் சாலையோரமாக இரண்டு இரண்டு பேராக மெல்லோட்டம் ஓடத் தொடங்கினார்கள். அத்தை போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்தாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

“உக்காரு தாயி. இருக்க தெம்பையெல்லாம் ரோட்டுல கொட்டிட்டு, உள்ள போயி என்னத்த வச்சு ஓடுவ?” என்றார் அப்பா.

டீச்சர் சொன்னதை அத்தை மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அப்பா டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்றார். அத்தை உட்கார்ந்தாள். அப்பா மறுபடியும் போர்வையைச் சரிசெய்தார்.

வெயில் ஏறத் தொடங்கிய பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். கம்பிவேலிக்கு வெளியே நானும் அப்பாவும் நின்றோம். உயரம் அளந்தார்கள், சான்றிதழ் பார்த்தார்கள், துணியில் எழுதிய நம்பரை நெஞ்சில் ஊக்கால் குத்திவிட்டார்கள். பிறகு வரிசையாகத் தரையில் உட்கார வைத்தார்கள். அத்தைக்கு முன்னால் ஓட வேண்டிய கூட்டமே நிறைய இருந்தது. அவளுடைய வரிசையில் ஒவ்வொருத்தியாக எழுந்து நின்று குதிப்பதும் குனிவதுமாக இருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. அத்தையும் எழுந்தாள். ஒரு காலைப் பின்னால் நீட்டினாள். நீட்டிவிட்டு வேலிப்பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

வேலியோரம் எங்களைச் சுற்றி ஒரே ஆம்பளைக் கூட்டம். ஒருவன் எதையோ சொல்ல, பக்கத்தில் நின்றவன் சிரித்தான். அப்பா கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கீழே காட்டி, உட்கார் என்று சைகை செய்தார். அத்தை நீட்டிய காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியில் விசில் ஊதுவதற்குச் சற்று முன்புதான் எழுந்தாள்.

நானூறு மீட்டர் ஓட வேண்டும். மைதானத்தை ஒரு சுற்று. அத்தை இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கடைசி வளைவில் முன்னால் போனவளைப் பிடிக்க எட்டிப் போட்டாள். அப்படியே அவளுடைய வலது கை பின்னந்தொடைக்குப் போனது. யாரோ பின்னாலிருந்து அடித்ததுபோலத் திரும்பிப் பார்த்தாள். ஒற்றைக் காலில் இரண்டு எட்டு வைத்தாள், விழுந்தாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் கையூன்றி எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, கோடு வரைக்கும் வந்து சேர்ந்தாள். கோட்டருகே கடிகாரத்தோடு நின்ற போலீஸ்காரர் அவள் வந்தபோது கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

அப்பா எப்படி உள்ளே போனார் என்று எனக்குத் தெரியாது. பார்க்கும்போது அவர் அத்தையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசலை நோக்கி ஓடி வந்தார். அத்தனை ஆம்பளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. அத்தையின் நம்பர்த் துணி அவள் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அது தேவைப்படும் என்று நினைத்து நான் வாசல் வழியாக உள்ளே ஓடிப்போய் எடுத்தேன். அந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்ட தரை. ஒரு புளியங்கொட்டை அளவு கல்கூடக் கிடையாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டாள். பின்தொடைச் சதை கிழிந்திருக்கிறது, இன்றைக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிற வேலையெல்லாம் கூடாது, ஐஸ் வைக்க வேண்டும், காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றார். பிறகு எழுதிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

“ஓடுறதுக்கு முன்னாடி உடம்பச் சூடு பண்ணுனியாம்மா? இல்ல, உக்காந்திருந்த எடத்துலயிருந்து எந்திரிச்சு அப்படியே ஓடிட்டியா?”

அப்பா கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. கேள்வி காதில் விழுந்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. வலிக்கிறது போல என்று நினைத்தேன். தங்கையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடியவருக்கு வலிக்காதா. அத்தை ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“நல்லா பண்ணுனேன் சார். கல்லு ஒண்ணு தடுக்கிருச்சு.”

நான் திடுக்கிட்டுப் போனேன். டாக்டரிடமும் வாத்தியாரிடமும் பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அத்தைதான். தவறான மருந்தைக் கொடுத்துவிடுவாரே என்று வேறு பயமாக இருந்தது. ஆனால் டாக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை காலை நீட்டி என் மடியில் வைத்திருந்தாள். அப்பா முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தார். எந்தக் கல் என்று நான் அவள் காதில் கேட்டேன்.

“இருந்துச்சுட்டி. நீ பாக்கல.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பார்க்காமல் என்ன? அந்த இடத்தில் நின்றவள் நான். தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு அத்தை பொய் சொல்கிறாள் என்று முடிவுகட்டினேன். ஊர் வரும் வரை அவளோடு பேசவில்லை. அவளும் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா அந்தக் கல்லைப் பற்றித்தான் பேசினார். ஒரு சின்னக் கல் என் தங்கை பிழைப்பைக் கெடுத்துவிட்டதே என்பார். சொல்லச் சொல்ல அந்தக் கல் வளர்ந்தது. வாரக் கடைசியில் அது கோழிமுட்டை அளவுக்கு வந்துவிட்டது. மாசிக் கொடைக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் என்னிடமே, அவ்வளவு பெரிய கல்லை யார் அங்கே கொண்டுவந்து போட்டார்கள் என்று கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் காதில் விழாததுபோல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

கால் ஆறிவிட்டது என்று சொன்னார்கள். ஆனால் முழுசாக ஆறவில்லை. ஆபீஸ் வேனிலிருந்து இறங்கினால் மற்றப் பெண்கள் கொஞ்ச தூரத்தில் நிமிர்ந்துவிடுவார்கள். அத்தை வீட்டு வாசல் வரைக்கும் காலைத் தாங்கித் தாங்கித்தான் வருவாள். மறுபடி மனுப் போட வயது இல்லை. அடுத்த ஆவணியில் புதியம்புத்தூர்காரருக்கே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தை தையல் மெஷினை இடது காலால் மட்டும் மிதிக்கப் பழகிக்கொண்டாள். தெருவில் போலீஸ் ஜீப் போனால் மட்டும் தைப்பதை நிறுத்திவிட்டு, அது திரும்பும் வரை பார்ப்பாள்.

இப்போது என் மகன் பள்ளிக்கூட அணியில் விளையாடுகிறான். அவனுக்காக இதைப் பற்றி நாலு பேரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். உட்கார்ந்தே கிடந்த சதை இறுக்கமாக இருக்கும், சூடேறிய சதை இளகிக் கொடுக்கும், இவ்வளவும் உண்மை. ஆனால் நன்றாகச் சூடேற்றியவர்களுக்கும் சதை கிழிவதுண்டு. அன்றைக்கு அத்தை அந்த வேப்பமரத்தைச் சுற்றி எவ்வளவு ஓடியிருந்தாலும் அந்த வளைவில் அது நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது. இதை அப்பாவிடம் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்கிறேன். இப்போது சொல்ல அவர் இல்லை.

அத்தைக்குக் கல்யாணம் ஆவதற்கு முன், வைகாசியில் ஒருநாள் காலை, குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மாட்டை வேனில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முந்தின நாள் பந்தயத்தில் ஓடிய மாடு. பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. மாட்டுக்கால் என்றால் அப்பாவிடம் காட்டச் சொல்லி யாரோ அனுப்பியிருந்தார்கள். அப்பா குந்தி உட்கார்ந்து அதன் தொடையைத் தடவிப் பார்த்தார். ஓடுவதற்கு முன்னால் நடத்தினாயா என்று கேட்டார். வேன் வருவதற்குத் தாமதமாகிவிட்டது, இறக்கியதும் பூட்டிவிட்டேன் அண்ணாச்சி என்றார் வந்தவர்.

அப்பாவுக்கு வழக்கமான கோபம் வந்துவிட்டது.

“நிண்ணுக்கிட்டே வந்த மாட்டுக்கு ஒடம்பு மரக்கட்ட மாரி இறுகிப்போயி கெடக்கும்லா. நாலு எட்டு நடக்கவிடாம ஓடச் சொன்னா சதை கிழியாம என்ன செய்யும்? அது ஆசையா ஓடத்தான் செய்யும். நீ சொன்னத் தட்டாது. நாமதான அத...”

அவ்வளவுதான். பேச்சு பாதியில் நின்றுவிட்டது. மாட்டின் தொடையில் வைத்த கை அப்படியே இருந்தது. வந்தவர் மிச்சத் திட்டுக்காகத் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

அத்தை தொட்டியடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

“அண்ணே, எனக்கு அன்னைக்கிக் கல்லுதான் தடுக்கிச்சு.”

“ஆமா தாயி,” என்றார் அப்பா. “கல்லுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டுக்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது சம்பந்தமே இல்லாமல் கல்லை எதற்கு இழுக்கிறாள் இந்த அத்தை என்று நினைத்தேன். சொன்ன பொய்யை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாளே என்று எரிச்சலாகவும் இருந்தது. அப்பாவைப் பார்த்தால் அதைவிட ஆச்சரியம். என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர், இவ்வளவு பெரிய மனிதர், இல்லாத ஒரு கல்லை இப்படி அப்பாவியாக நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று அவருக்காக நான் பரிதாபப்பட்டேன்.